நூல் பிரித்த நோட்டு

1

மீன் ஈரம் பட்ட நோட்டுக்கு ஒரு வாசனை உண்டு. உப்பு, செதில், உள்ளங்கை வியர்வை, கொஞ்சம் வெற்றிலை. காய்ந்த பிறகும் போகாது. ராயபுரத்தை விட்டு வந்த இத்தனை வருடத்தில் பிலடெல்பியாவில் அதை நான் எங்கும் முகர்ந்ததில்லை. இங்கே மீன் வாங்குகிறவர்கள் கார்டைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். மீனும் காசும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

போன சனிக்கிழமை தெற்குப் பக்கத்து மார்க்கெட்டில் ஒரு வியட்நாம் அம்மாள் கடையில் மீன் வாங்கினேன். கார்டு மெஷின் கெட்டுப்போயிருந்தது. காசாகக் கொடுத்தேன். அந்த அம்மாள் கையுறையைக் கழற்றாமலே மீதியை எடுத்து நீட்டினாள். நசநசவென்று ஒற்றை டாலர்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து கையைத் தற்செயலாக மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, நான் ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்தேன். கண்டெய்னர் லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டே அலறுகிறது, யாரோ யாரையோ திட்டுகிறார்கள், நைனா பல்லால் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறார்.

நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் பலருக்கு அப்பா நைனாதான்.

அந்த வாரம்தான் நைனாவின் விசா காலாவதியாகியிருந்தது. அதற்கு மணி அடிக்காது, தபால் வராது. ஒரு பாஸ்போர்ட்டுக்குள் ஒட்டியிருக்கிற தாள் நேற்றுவரை கதவாக இருந்தது, இன்று வெறும் தாள். அது இங்கிருந்து பல கடல் தாண்டி, ஒரு பீரோவில், பழைய துண்டு ஒன்றின் கீழே கிடக்கிறது. எனக்கு மட்டும் தேதி தெரியும். மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவவில்லை.

2

காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு டீக்கடையை ஒட்டி, நைனா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மேல் 'கிழிந்த நோட்டு மாற்றித் தரப்படும்' என்று ஒரு தகரப் பலகை. நனைந்த நோட்டு, எலி கடித்த நோட்டு, சட்டைப் பையோடு துவைத்த நோட்டு, இரண்டு பேர் இழுத்துக்கொண்டதில் இரண்டான நோட்டு. கொஞ்சம் கழித்துக்கொண்டு நல்ல நோட்டுக் கொடுப்பார். வாங்கியதை ஒட்டி, கட்டுக் கட்டி, வங்கிக்குக் கொண்டுபோவார்.

மீன்காரர்கள் கொண்டுவருகிற நோட்டுகள் எப்போதும் ஈரம். ஆகவே எங்கள் வீட்டில் துணிக்கொடியில் நோட்டுகள் காயும். கருவாடு மாதிரி. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் முதலில் தலையில் படுவது பத்து ரூபாய். எங்களுக்குச் சொந்தமில்லாத காசு. அம்மா அதன் கீழே உட்கார்ந்து அரிசி பொறுக்குவாள். அம்மா போன பிறகும் கொடி அதே இடத்தில்தான் இருந்தது.

இப்போது கொடியில் நைனாவின் இரண்டு லுங்கிகள் மட்டும்.

காரணம் உங்களுக்குத் தெரியும். எதிரில் மீன் விற்கிற தனம் அக்காவின் கூடையிலேயே அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. பணம் வந்தால் ஒரு சின்னப் பெட்டி சத்தமாகச் சொல்கிறது. நைனா அந்தப் பெட்டியை முறைத்துக்கொண்டே டீ குடிப்பார்.

"அத்த இன்னாத்துக்கு மொறைக்கிற? அது உன் பொண்டாட்டியா?" என்பாள் தனம் அக்கா.

"அது கிழியாதும்மே. அதான் பேஜாரு."

ஒரு நாளைக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள். யாருமே வராத நாளும் உண்டு. ஆனாலும் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டூலுக்குப் போய்விடுவார். வீடியோவில் கூப்பிட்டால் நின்று பேசமாட்டார். "வேலைல கீறேன், அப்பாலிக்கா பேசு" என்று சொல்லி வைத்துவிடுவார். பின்னால் டீக்கடை வானொலி ஓடுவது கேட்கும். வேறு ஒரு சத்தமும் இருக்காது.

3

பழைய அமெரிக்க நோட்டுகளைச் சேர்ப்பது இங்கே வசதியான வெள்ளைக்காரப் பெரியவர்களின் பொழுதுபோக்கு. நான் அதில் வந்து விழுந்தது ஒரு கல்யாணத்தால். ஹோட்டலில் தப்பான கதவைத் திறந்துவிட்டேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. உள்ளே வரிசையாக மேசைகள், பூதக்கண்ணாடிகள், நரைத்த தலைகள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, கல்யாணம் மாடியிலம்மா என்று கனிவாகச் சொன்னார்.

நான் மாடிக்குப் போகவில்லை. அவர் மேசையில் ஒரு நோட்டு இருந்தது. நடுவில் இரண்டாகக் கிழிந்து, நூலால் தைக்கப்பட்ட நோட்டு.

அமெரிக்கா ஒரு நாடாவதற்கு முன்பு, ஒவ்வொரு காலனியும் தன் காசைத் தானே அச்சடித்துக்கொண்ட காலத்துச் சரக்கு அது. கந்தல் துணியை ஊறவைத்து இடித்துச் செய்த காகிதம். கள்ளநோட்டுக்காரனைத் தடுக்க, கூழில் மைக்கா என்கிற அப்பிரகத் தூளைக் கலந்திருப்பார்கள். சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். பின்பக்கத்தில் உண்மையான இலையிலிருந்து அச்செடுத்த நரம்புகள். அதன் கீழே, கள்ளநோட்டு அடித்தால் மரணம் என்று ஒரு வரி. மடித்து மடித்துப் பையில் வைத்ததில் மடிப்போடு கிழிந்துபோகும். மாற்றிக் கொடுக்க அன்றைக்கு யாரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டில் யாரோ ஊசி நூலை எடுத்துத் தைத்திருக்கிறார்கள். தைத்த நோட்டு மறுபடி சந்தைக்குப் போயிருக்கிறது.

சேர்ப்பவர்கள் மடிப்புக்கூட விழாத நோட்டைத் தேடுவார்கள். அதெல்லாம் எனக்கு எட்டாத விலை. எனக்கு வேண்டியதும் அது இல்லை. நான் தைத்தவற்றை மட்டும் வாங்கினேன். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகல் முழுக்க நுண்ணோக்கிக்குள் குனிந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் பூதக்கண்ணாடிக்குள் குனிவேன். "செல்லாத காசுக்குச் செல்ற காசக் குடுக்கற ஒரே ஆளு நீதான்" என்பார் என் கணவர்.

என்னிடம் இருந்ததில் அபூர்வமானது, நீல நூலால் தைத்த ஒரு பென்சில்வேனியா நோட்டு. மற்றதெல்லாம் அவசரத் தையல், கோணல்மாணல். இது மட்டும் எறும்பு வரிசை போன்ற பொடித் தையல். நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் அந்தப் பெரியவரே இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். அதை வாங்கின அன்று என் மகள் யாழினி உடன் வந்திருந்தாள். அப்போது சின்னப்பெண். தைத்தது யாராக இருக்கும் என்று கார் பயணம் முழுக்க இருவரும் கதை கட்டினோம். தன் வயதுப் பெண்தான் என்று அவள் சாதித்தாள். தைத்து முடித்ததும் அம்மாவிடம் ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டாளாம்.

யாழினிக்கு இப்போது பதினேழு. பள்ளியில் அவள் பெயர் யாஸ். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் கதவுக்குப் பின்னாலிருந்து. நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாக ஆசைப்பட்ட பொருள் அந்த நோட்டுதான் என்று நினைக்கிறேன்.

4

நைனாவை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தேன். அதில் தொழில் என்று ஒரு கட்டம். நான் யோசித்து யோசித்து, சுயதொழில், நாணய மாற்று என்று எழுதிவைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்துப் பதில் வந்தது: அந்நியச் செலாவணி மாற்ற உங்கள் தந்தைக்கு இருக்கும் உரிமத்தின் நகலை அனுப்பவும். ஒரு ஸ்டூல், ஒரு மரப்பெட்டி, ஒரு தகரப் பலகை. நான் எதை நகல் எடுப்பேன்? விளக்கம் எழுதி, திருத்தி, கடைசியில் 'ஓய்வு பெற்றவர்' என்று மாற்றினேன். சிக்கல் ஒரே நாளில் தீர்ந்தது.

தூதரக நேர்காணலுக்குப் போன அன்று அங்கிருந்த தமிழ் அதிகாரி அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நைனா போன் செய்தார்.

"நான் எப்ப பாப்பா ரிட்டையர் ஆனேன்?"

"சும்மா பேப்பருக்கு நைனா."

"பேப்பருக்குத்தான் கேக்கறேன். யார் எனுக்கு மால போட்டது?"

விசா கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் வந்து இறங்க வேண்டும். நைனா வரமாட்டேன் என்றார். காரணமாக ஒரே கேள்வி, ஒவ்வொரு ஞாயிறும்: "அங்க எனுக்கு இன்னா வேல?"

எழுபத்தைந்து தாண்டிய ஆள். தனி வீடு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், வெயில் காலத்தில் மணலிப் பக்கமிருந்து வரும் வாடை. இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் கதவைத் தட்டக் கூட ஆளில்லை. தொலைபேசியில் இதையெல்லாம் வரிசைப்படுத்துவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்பார்.

அதனால்தான் போன தை மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு நானே போனேன். கைப்பையில், கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், அந்த நீல நூல் நோட்டு.

5

சென்னை விமான நிலையத்தில் சுங்கத் தம்பி ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது செல்லுமா மேடம்?"

"செல்லாதுங்க."

"செல்லாத நோட்ட எதுக்கு இவ்ளோ தூரம் எடுத்துட்டு வர்றீங்க?"

"எங்கப்பா அதத்தான் மாத்தறவரு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நைனா அதை உறையிலிருந்து உருவி, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரல்களுக்கு நடுவில் தேய்த்தார்.

"இன்னாது, கந்தத் துணி கணக்கா கீது."

"துணிதான் நைனா. அத்த அரைச்சி செஞ்சது."

"மினுக்கா கீதே. எய்த்து இன்னா?"

"கள்ளநோட்டு அட்ச்சா சாவடிப்போம்னு எய்தி கீது."

"தோடா. மெரட்டிக்கினே காசு குட்த்துகிறான்." திருப்பினார். தையலைக் கண்டார். நகத்தால் மெல்லத் தடவினார். "அங்கயும் கிழிஞ்ச நோட்டு கீதா பாப்பா?"

"நெறைய கீது. இதுக்குன்னே பெரிய பெரிய ஹால் புட்ச்சி கூட்டம் போடறாங்க. நான் மாசத்துக்கு ஒரு தபா போறேன்."

"அல்லாரும் கிழிஞ்சத எட்த்துனு வருவாங்களா?"

"ஆமா நைனா."

"கமிஷன் இன்னா எட்த்துப்பாங்க?"

இங்கே நான் நிறுத்தித் திருத்தியிருக்க வேண்டும். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அம்மா இருந்த காலத்தில் கட்டுக் கட்டாக நோட்டு வந்து விழும்போது வருகிற வெளிச்சம். "அது ஆளுக்கு ஆள் மாறும்" என்றேன்.

மறுநாள் எண்ணூர் பக்கம், காத்திவாக்கத்தில் இருக்கும் என் பள்ளித்தோழி வீட்டுக்குக் கிளம்பினேன். நோட்டைக் கொடுத்துட்டுப் போ, சாவகாசமா பாக்கறேன் என்றார் நைனா. கொடுத்துவிட்டுப் போனேன். தோழி கழிமுகத்து இறால் வறுத்துப் போட்டாள். அனல்மின் நிலையப் புகையைப் பார்த்தபடி, நைனா வந்தால் அவருக்கு எந்த அறை என்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். கிழக்கு ஜன்னல் அறை. வெயில் வரும்.

6

திரும்பி வந்தபோது வீட்டில் மைதாப் பசை வாசனை.

பாய் மேல் அயர்ன் பாக்ஸ் நின்றுகொண்டிருந்தது. நைனா குளித்து, விபூதி பூசி, எதற்கோ காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். அயர்ன் பாக்ஸைத் தூக்கிக் காட்டினார். அடியில் என் நோட்டு. தையல் இல்லை. இரண்டு பாதியும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. பின்பக்கம், இலையின் நரம்புகளுக்குக் குறுக்காக, மெல்லிய பட்டர் பேப்பர் துண்டு ஒன்று ஓடியது.

"நூல் போட்ட நோட்டு எந்த பேங்க்லயும் வாங்க மாட்டான். அதான் பிரிச்சி எட்த்துட்டேன். ஒரே கலீஜு. அய்க்குப் புட்ச்சி, கறுத்துப் போயி. தண்ணில நனைச்சி, பிளேடால ஒண்ணொண்ணா எட்த்தேன். கண்ணு நோவுது போ."

"நூலு எங்க நைனா?"

"பெருக்கித் தள்ளிட்டேன். இப்ப பாரு. இத்த எட்த்துனு போயி எவன்கிட்டயாவது நீட்டு. மாத்தித் தரலன்னா என்னிய கேளு."

சுவரோரம் அப்போதுதான் பார்த்தேன். நான் இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கிக் கொடுத்த பெட்டி. பிளாஸ்டிக்கைக் கிழிக்காமலே பரணில் வைத்திருந்தவர், இறக்கித் துடைத்து வைத்திருந்தார். உள்ளே நாலு சட்டை, தேய்த்து மடித்தவை. அதன் மேல் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் பிளேடு, பசை தூரிகை, பூதக்கண்ணாடி, பட்டர் பேப்பர் சுருள்.

"எப்ப கெளம்பணும்?" என்றார்.

இருநூற்றைம்பது வருடம் அந்தக் கிழிசலைப் பிடித்துக்கொண்டிருந்த நூல் எங்கோ கல்மண்டபத்துச் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. கிழக்கு ஜன்னல் அறை நிரம்பிவிட்டது. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்தன. எது எடை அதிகம் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

"சோக்கா கீது நைனா" என்றேன்.

அன்றே டிக்கெட் போட்டேன். என் விமானத்தில், என் பக்கத்து இருக்கை.

7

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நைனா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது.

"எத்தினி வருசம் படிச்ச பசங்க வேல கெட்க்காம சுத்தறானுங்க," என்றாள் தனம் அக்கா, வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே. "உனுக்கு இந்த வயசுல ஆப்பீசா? அங்க மீன் வெட்டற வேல இருந்தா சொல்லு, நானும் வரேன்."

"அங்க வெட்டறதுக்கு மிசின் கீது. ஒட்டறதுக்குத்தான் ஆளு இல்ல."

"ஒட்டு ஒட்டு. அங்கயே ஒட்டிக்கினு இரு. டீக்கட பெஞ்சி காலியாவும்."

எம்.சி. ரோட்டில் ஷூ வாங்கினோம். நைனா வாழ்நாளில் போட்ட முதல் ஷூ. கடையில் நடந்து காட்டினார், ஈரமான படகுப் பலகையில் நடக்கிறவர் மாதிரி. ஸ்வெட்டர் வாங்கினோம். அதன் பையில் பூதக்கண்ணாடி நுழைகிறதா என்று பார்த்தே வாங்கினார். ராத்திரிச் சாப்பாட்டில் கேள்விகள் வரும். ஹாலில் ஸ்டூல் அவர்களே கொடுப்பார்களா? வெள்ளைக்காரன் பேரம் பேசுவானா? பாஷை தெரியாமல் எப்படி? "நீ பக்கத்துல ஒக்காந்துக்கோ, ஞாயித்திக்கெயம மட்டும்" என்றார். சரி என்றேன். உண்மையிலேயே அப்படி ஒரு மேசையை நான் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்தப் பெரியவரிடம் கெஞ்சி ஒரு மூலை வாங்கிவிடலாம். பாஸ்டன் மீன்காரர்கள், நியூஜெர்சி கப்பல்காரர்கள் எல்லாரும் ஈர நோட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். நைனா பல்லால் ரப்பர் பேண்டைக் கழற்றுகிறார். ஆசைக்கு எவ்வளவு சீக்கிரம் மேசை நாற்காலி முளைத்துவிடுகிறது.

8

யாழினி வீடியோவில் வந்த மாலை, நைனாதான் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணு, தாத்தா உங்க ஊருக்கு வரேன்."

"ஹாய் தாத்தா. சூப்பர்."

"சும்மா வரல. வேலைக்கு வரேன். இங்க பாரு, உங்கம்மா நோட்டு. தாத்தா செஞ்சது." கேமராவின் மூக்கில் இடிக்கிற மாதிரி நோட்டைப் பிடித்தார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கையில் தோசைக் கரண்டி. ஓடி வந்திருக்கலாம், பத்தடி கூட இல்லை. திரையில் அவள் முகம் கிட்டே வந்தது.

"நூல் எங்க தாத்தா?"

"கலீஜா இருந்துச்சு கண்ணு. எட்த்துட்டேன்."

யாழினிக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு ஆறு வருடம் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதை எங்கோ தொலைத்தவள். என்னிடம் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசி வருடக்கணக்காகிறது. அன்றைக்குப் பேசினாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, தாத்தாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

"அம்மா அந்த நூலுக்காகத்தான் அதை வாங்கினாங்க, தாத்தா. அந்த நூல் ரொம்பப் பழசு. இனிமே அது கிடைக்காது."

அவள் குரலில் கோபம் இல்லை. காரில் கதை கட்டின சின்னப்பெண்ணின் குரல் அது. பல வருடமாக அந்தக் குரலுக்குத்தான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்டியா கண்ணு," என்றார் நைனா. "சரி. நல்லா படி." போனை என்னிடம் நீட்டினார்.

தோசை கருகி, நான் அதை எடுத்துப் போட்டு, வேறு ஊற்றி முடித்தேன். பிறகு நைனா கேட்டார்:

"அங்க யாரும் மாத்த மாட்டாங்களா?"

"மாட்டாங்க நைனா."

"கிழிஞ்சத கிழிஞ்ச மாரியே வெச்சிப்பாங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

எல்லாவற்றையும் தமிழில் நினைக்கிறவள்தான் நான். அந்த ஒரு கேள்விக்கு என் பாஷையில் பதில் இல்லை. தட்டில் தோசை வைத்தேன். சாப்பிட்டார். கை கழுவி வந்து, நோட்டை அந்த உறைக்குள் பழையபடி நுழைத்து, என் கைப்பையில் வைத்தார்.

9

காலையில் எழுந்தபோது பெட்டி பரணில் இருந்தது. அந்த வயதில் எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. பிஸ்கட் டப்பாவோடு நைனா ஸ்டூலுக்குப் போயிருந்தார்.

நானும் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுதேன். நோட்டுப் போனால் போகட்டும் என்றேன்.

"நோட்டுக்காவ சொல்லல."

"வேல இல்லாட்டி இன்னா நைனா? என் கூட இரு. அது போறாதா?"

"நீ காலைல பூடுவ. மாப்ள பூடுவாரு. அந்தப் பொண்ணு கதவச் சாத்திக்கும். வீடியோல பாக்கறன்ல. நான் சோபால ஒக்காந்துகினு எதப் பாக்கறது? பனியவா?"

தனம் அக்கா எதிரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "வேல தரேன்னு சொல்லி கூட்டினு போறதுக்கு அவுரு இன்னா சின்னப் புள்ளையாடி?" என்றாள். என்னைத்தான். அவள் குரலில் அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"நீ சும்மா இரும்மே." நைனா என் பக்கம் திரும்பினார். "உன்னிய தப்பு சொல்லல பாப்பா. ஆனா நெனச்சிப் பாரு. அங்க வந்து எறங்கி, டப்பாவத் தொறந்து, பசைய கலக்கி வெச்சிகினு ஒக்காந்தப்பறம் எனுக்குத் தெரிஞ்சிருந்தா? எந்தப் பக்கம் மூஞ்ச வெச்சிப்பேன்?"

அதற்கப்புறமும் நான் விடவில்லை. மீதி நாளெல்லாம் மன்றாடினேன். அத்தை மகனை விட்டுப் பேசவைத்தேன். டாக்டரிடம் அழைத்துப்போய், அவர் வாயால் தனியாக இருக்கக்கூடாது என்று சொல்லவைத்தேன். நைனா எல்லோரிடமும் சரி சரி என்றார். ஷூவை அதன் அட்டைப் பெட்டியோடு அத்தை மகனுக்கே கொடுத்துவிட்டார். பக்கத்து இருக்கையை ரத்து செய்தேன்.

10

நோட்டு இப்போது ஆல்பத்தில், அதன் பழைய இடத்தில் இருக்கிறது. பழந்தாள்களைச் செப்பனிடும் ஒரு பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மைதாப் பசைதானே, தண்ணீரிலேயே இளகிவிடும், பின்னாலிருக்கும் துண்டை எடுத்துவிடலாம் என்றாள். யாரோ ரொம்பப் பொறுமைக்காரர் செய்த வேலை என்றும் சொன்னாள். எடுக்க வேண்டாம் என்றேன். அப்புறம் நான் நோட்டுக் கண்காட்சி எதற்கும் போகவில்லை. அந்தப் பெரியவர் இரண்டு முறை கூப்பிட்டார், எனக்காகத் தைத்த நோட்டு ஒன்று எடுத்து வைத்திருப்பதாக. யாழினி ஒருநாள் ஆல்பத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் வந்ததும் மூடிவிட்டாள்.

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கிறார் கணவர். கட்டங்கள் எல்லாம் மறுபடி. நான் நைனாவிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மழை உண்டா, சாப்பிட்டாயா, தனம் அக்கா எப்படி. ஒன்றிரண்டு நிமிடத்தில், "வேலைல கீறேன் பாப்பா" என்று வைத்துவிடுகிறார்.

தை மாதம் அங்கிருந்து நான் கிளம்பின அன்று காலையில், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வாலும் தலையும் தெரியாமல் நின்றன. டாக்ஸிக்காரர் சந்துக்குள் வரமுடியாது என்றார். நைனா என் கைப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். குடு என்றால் தரவில்லை. லாரிகளுக்கு நடுவில் வழி பிடித்து முன்னால் நடந்தார். டிரைவர்களைத் திட்டிக்கொண்டே, ஒருவனிடம் நலம் விசாரித்துக்கொண்டே. நிலக்கரித் தூசு அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. தேய்த்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்த நாலில் ஒன்று அது.

பெட்டியை டிக்கியில் வைத்தார். நான் காலைத் தொட்டபோது, "ரோட்டுல இன்னாதிது" என்று தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை. மறுபடியும் திறந்தார். திறந்தவர் சாத்தாமல், ஒரு கையைக் காரின் கூரையில் ஊன்றிக் குனிந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நைனா அவனைப் பார்க்கவேயில்லை.

"பாப்பா, அட்த்த தபா வர்றப்ப எனுக்கு வேல எதுவும் எட்த்துனு வராத. சும்மா வா."